பெட் ஸ்கேன் எண்ணோடு பிழை வரம்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட் ஸ்கேன் (உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்று காட்டும் படம்) பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால், எஸ்.யு.வி. எண் (செலுத்திய மருந்தின் அளவையும் உடல் எடையையும் வைத்து, ஓர் இடம் அந்த மருந்தை எவ்வளவு ஈர்த்தது என்று சொல்லும் எண்) கூடினால் நோய் கூடிவிட்டது என்று வாசகர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்று கவலைப்படுகிறேன். இந்தக் கருவிகளை அளவுதிருத்தம் செய்வதுதான் என் வேலை. 5.2 இருந்தது 5.8 ஆகிவிட்டதே என்று கலங்கி நிற்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். நோயில் மாற்றமே இல்லாமல், முறையாக எடுத்த இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவிலேயே 10 சதவீத அளவுக்கு வேறுபாடு வருவது சாதாரணம்.

நோயாளிக்குச் செலுத்தும் மருந்தின் கதிரியக்கத்தை டோஸ் காலிபிரேட்டரில் அளக்கிறோம். அந்த மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருளான ஃபுளோரின்-18ஐ அதிலேயே அளந்து, நீர் உருளையில் கலந்து ஸ்கேன் செய்து, ஸ்கேனரின் எண்ணை அதோடு பொருத்துகிறோம். காலிபிரேட்டர் 5 சதவீதம் கூட்டிக் காட்டினாலும், இரு பக்கமும் ஒரே பிழை என்பதால் எஸ்.யு.வி.யில் அது கழிந்துபோகும். காலிபிரேட்டரை மட்டும் திருத்திவிட்டு ஸ்கேனரை மறுபடி பொருத்தாமல் விட்டால்தான் சிக்கல். அன்றிலிருந்து எல்லா நோயாளிகளின் எண்களும் ஒட்டுமொத்தமாக நகர்ந்துவிடும், யார் கண்ணிலும் படாது. கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். ஃபுளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடம். ஊசி போடும் அறைக் கடிகாரம் ஸ்கேனர் கடிகாரத்திலிருந்து 10 நிமிடம் விலகிப்போனால் 6 சதவீதம் தவறு. சிரிஞ்சில் தங்கிய மருந்தைக் கழிக்காதது, எடை பார்க்காமல் வாய்மொழியாகக் கேட்டு எழுதியது எல்லாம் இதோடு சேரும்.

லுடீசியம்-177 என்ற கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்திப் புற்றுநோய்க்குத் தரும் சிகிச்சையில் நிலைமை இன்னும் கடுமை. சிறுநீரகம் எத்தனை கிரே (உடல் ஏற்ற கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சை ஏற்றது என்று ஸ்பெக்ட் படத்திலிருந்து (அந்தப் பொருள் உடலில் சேர்ந்த இடங்களைக் காட்டும் இன்னொரு வகை ஸ்கேன்) கணக்கிடும்போது காலிபிரேட்டரின் பிழை கழிவதில்லை, அப்படியே உள்ளே வந்துவிடுகிறது. அதனால்தான் காலிபிரேட்டரின் அளவு தேசியத் தரஅளவோடு ஒத்துப்போக வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். நம் நாட்டில் அந்தத் தரஅளவைப் பேணுவது பாபா அணு ஆராய்ச்சி மையம்.

ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரத் திட்டமே ஸ்கேனர் அளவுதிருத்தத்தில் 10 சதவீதம் வரை விலகலை ஏற்கிறது. ஒன்று மேலாகவும் மற்றொன்று கீழாகவும் விலகிய இரண்டு 'சரியான' ஸ்கேனர்களுக்கு நடுவே 20 சதவீதம் வரை இடைவெளி இருக்கலாம். ஆகவே, தொடர் ஸ்கேன்களை இயன்றவரை ஒரே மையத்தில், ஒரே கருவியில் எடுங்கள்.

ஸ்கேன் மையங்களுக்கு என் வேண்டுகோள்: ஊசி போட்ட நேரம், படம் எடுத்த நேரம், நிறுத்துப் பார்த்த எடை, ரத்தச் சர்க்கரை, கருவியின் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அச்சிடுங்கள். எஸ்.யு.வி. எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் பிழை வரம்பையும் போடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ இயற்பியலாளர் ஒருவர்,
மதுரை