செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: தெருவில் பிள்ளைகள், கையில் போன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஐந்து தெருக்களிலிருந்தும் வந்திருக்கும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

வடிகால், தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றிக் கடைசியில் நான்கு வரி சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் சங்கத்தின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது சிறு பிள்ளைகளின் பாதுகாப்பு. அது தொடங்கிய விதம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் அறிக்கை என்றால் அதுவும் இருக்க வேண்டும்.

பள்ளி திறந்த சமயம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் இறங்கிவிட்டதாம். பேசியது யார், எந்த ஊர் என்று ஒன்றும் கிடையாது. அன்று மாலை போர்வை விற்க வந்தவரை மூன்றாவது தெருவில் மடக்கி, மூட்டையைப் பிரித்துக் கொட்டி, போனை வாங்கிப் பார்த்தோம். எதிர்வீட்டு அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்து அவரை உட்கார வைத்ததால் அது அத்தோடு நின்றது. அந்தப் பதிவை வேறு இரண்டு குழுக்களுக்குத் தள்ளிவிட்டவன் நான்தான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வம் கும்பிட வந்த சென்னை மூதாட்டி ஒருவர், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துக் கிளம்பிய சந்தேகத்தில் அடித்தே கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே தடவையில் தள்ளிவிட முடியாதபடி செய்தது. இதெல்லாம் தெரிந்தே அனுப்பினேன். இப்போது குழுவில் ஒரு விதி இருக்கிறது: இந்த மாதிரிச் செய்தி வந்தால் காவல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் பகிரக் கூடாது.

அடுத்த செயற்குழுவில் எல்லோரும் கேட்டது கேமரா. வாசலில் இரண்டு, பூங்காவில் இரண்டு. வாங்கினோம், வேலை செய்கிறது, செலவைப் பொருளாளர் சொல்வார். ஆனால் வெளியாள் வருவதைப் பார்க்கத்தான் கேமரா. 2018 ஜூலையில் சென்னை அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் காது கேளாத ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை உங்களுக்கு நினைவிருக்கும். செய்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்தவர்கள், அந்தப் பிள்ளை தினமும் பார்த்த முகங்கள். 2020இல் நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது. இதை நான் சொன்னதும், அப்படியென்றால் நம் வாட்ச்மேன், பிளம்பர் எல்லோரையும் விசாரிக்க வேண்டும் என்று பேச்சு திரும்பிவிட்டது. விசாரிக்கலாம், தவறில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் மாடியில் டியூஷன் எடுப்பவர், பாட்டு வாத்தியார், செஸ் கோச், சங்கச் செயலாளர் இவர்களை யார் விசாரிப்பது? மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளிடம் அத்துமீறியவர்களில் பாதிப் பேர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் அல்லது அவர்கள் நம்பியிருந்தவர்கள். சம்பளம் குறைவாக வாங்குபவரை மட்டும் சந்தேகப்படுவது பாதுகாப்பு ஆகாது. அதனால் விதியை எல்லோருக்கும் பொதுவாக வைத்தோம்: பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் சமாதானமாகிவிட்டார்.

இனி ஸ்கூட்டர் விஷயம். முதல் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆகஸ்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு பற்றி ஞாயிறு வகுப்பு தொடங்கினார். அதற்கு முன் ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம் என்றார். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்களை மாடியில் நிற்க வைத்துவிட்டு, பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் போய், "அம்மா உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, வா" என்று நான் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். ஐந்து பேர் என் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்கள். ஆறாவது பையனுக்கு அப்போதுதான் பேட்டிங் கிடைத்திருந்தது, அதனால் வரவில்லை. தெரியாதவரிடம் பேசக் கூடாது என்பது ஆறு பேருக்கும் மனப்பாடம். நான் தெரியாதவன் இல்லையே, செயலாளர் அங்கிள்! மாடியிலிருந்து இறங்கி வந்த அம்மாக்களின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆசிரியை பாடத்தையே மாற்றிக்கொண்டார். யார் கூப்பிடுகிறார் என்பது முக்கியமில்லை, என்ன கேட்கிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் சொல்லாமல் எங்காவது கூட்டிப்போகிறாரா? "அம்மாகிட்ட சொல்லாதே" என்கிறாரா? உள்ளாடை மறைக்கிற இடத்தைத் தொடுகிறாரா, பார்க்க வேண்டும் என்கிறாரா, தன்னுடையதைக் காட்டுகிறாரா? இதில் எது நடந்தாலும் வேண்டாம் என்று கத்தலாம், ஓடலாம், நம்புகிற பெரியவரிடம் சொல்லலாம். கத்த முடியாமல் போனாலும் அது பிள்ளையின் தப்பு இல்லை. இந்தக் கடைசி வரியை அவர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். உடலுறுப்புகளை அவற்றின் சரியான பெயராலேயே சொல்லிக் கொடுத்தார். அதற்கு வந்த முணுமுணுப்பு இங்கே எல்லோருக்கும் தெரியும். பெயரே தெரியாத இடத்தில் என்ன நடந்தது என்று ஒரு குழந்தை எப்படிச் சொல்லும் என்று அவர் கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை.

வீட்டுக்கு ஒரு ரகசிய வார்த்தையும் வைத்தோம். அழைத்துப்போக வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும். மூன்று வீட்டில் "பிரியாணி". சாயங்காலத்துக்குள் எல்லா ரகசியமும் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுபடி மாற்றினோம்.

பெரிய சண்டை முத்தத்தில் வந்தது. விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள் என்றதும், பிள்ளைகள் மரியாதை தெரியாமல் வளரும் என்று தாத்தாக்கள் சிலர் எழுந்துவிட்டார்கள். கடைசியில் வணக்கம் சொன்னால் போதும் என்று முடிவானது. என் மைத்துனருக்கே அதில் மனத்தாங்கல்.

அப்புறம் போன். நம் வீடுகளில் பிள்ளை கையில் இருக்கும் போன் பெரும்பாலும் பாட்டியுடையது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் சொந்தமாகக் கணக்கு வைக்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும் என்பது அந்த நிறுவனங்களின் விதியே. பாட்டியின் கணக்குக்கு வயது எழுபது, அதனால் எல்லாமே திறந்திருக்கிறது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கான யூடியூப் கிட்ஸ், பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க், கேமில் முகம் தெரியாதவர் பேச முடியாதபடி சாட் வசதியை அடைப்பது, யூபிஐ ரகசிய எண்ணைப் பேரன் பார்க்கும்படி அழுத்தாமல் இருப்பது எல்லாவற்றையும் பாட்டி தாத்தாக்களுக்குச் செய்து காட்டினார்கள். கூட்டம் நன்றாகவே வந்தது, சுண்டல் தீர்ந்துவிட்டது.

ஆனால் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. ஒரு தாய் எங்களிடம் வந்தார். எந்த வீடு, எந்த வகுப்பு என்பதைச் சொல்லப்போவதில்லை, யாரும் ஊகிக்கவும் வேண்டாம். கேமில் பழகிய "அண்ணன்" ஒருவர் பிள்ளைக்கு ஓசியில் காயின் கொடுத்து, பிறகு போட்டோ கேட்டிருக்கிறார். பிள்ளை இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. காரணம், சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். இதைக் கேட்டதும் எங்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டோம். எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே அது. நல்லவேளை, போட்டோ எதுவும் போகவில்லை. அப்போது நாங்கள் கற்றுக்கொண்டது: பிள்ளையைத் திட்டாதீர்கள்; கேமில் பேசிய சாட் எதையும் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து அப்புறம் பிளாக் செய்யுங்கள்; தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். குழந்தைக்கு எந்த ஆபத்தென்றாலும் 1098, இரவு பகல் எந்நேரமும். பள்ளியில் நடந்தது என்றால் 14417. ஒரு பிள்ளையின் ஆபாசப் படம் எதுவும் உங்களுக்கு வந்தால், எச்சரிக்கை செய்கிறேன் என்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள். அதை வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் சங்கத்தின் சார்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஸ்டேஷனுக்கு எல்லாம் எதுக்கு, சங்கத்திலேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யாரும் எங்களிடம் வர வேண்டாம். பார்க்கிங் தகராறைப் பேசி முடிக்கலாம். 2012 போக்சோ சட்டப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது, ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிள்ளையை ஸ்டேஷன் படி ஏற்ற வேண்டுமே என்ற பயமும் தேவையில்லை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, போலீசார் சீருடை இல்லாமல் வந்துதான் வாங்க வேண்டும், கூடியவரை பெண் அதிகாரியே வர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

சங்கம் செய்த தவறு இன்னொன்று. சென்ற ஆண்டு மலரில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படத்துக்குக் கீழே பெயர், வகுப்பு, பள்ளி, வீட்டு எண் வரை அச்சடித்து, அதையே ஃபேஸ்புக்கிலும் போட்டிருந்தோம். பிழை திருத்தியது நான். பக்கத்தை எடுத்தாயிற்று. இந்த ஆண்டு மலரில் பெயர் மட்டும் இருக்கும், அதுவும் பெற்றோர் சம்மதித்தால்.

மற்றவை: நான்காவது தெரு வடிகால் முடிந்தது. பூங்கா விளக்கு மூன்றில் ஒன்று எரியவில்லை. மூடியில்லாத சம்ப் இரண்டு வீட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது. அவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்பதால் மேலே சொல்லவில்லை. பதினொரு வீட்டில் சந்தா பாக்கி.

பிப்ரவரியில் ஸ்கூட்டரோடு மறுபடி பூங்காவுக்குப் போனேன். இம்முறை ஒருவரும் ஏறவில்லை. இரண்டு பேர் ரகசிய வார்த்தை கேட்டார்கள், ஒரு சிறுமி ஆசிரியை வீட்டுக்கே ஓடினாள். மற்ற மூவரில் ஒருவன் "சீட்டு சுடுது அங்கிள்" என்றான், இருவர் பதிலே சொல்லவில்லை. இதை வெற்றி என்று எழுத ஆசிரியை சம்மதிக்கவில்லை. ஜூன் மாதம் வேறொருவரை அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார். பிள்ளைகளுக்கு நன்கு பழகிய முகமாக இருக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்