பெரிய குண்டு இருந்தால் போதுமாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் செட்டிநாட்டுக் கட்டுரையில் எங்கள் வீட்டு முகப்பில் இருக்கும் காட்டெருதுத் தலையைப் படம் போட்டு, ‘பெரிய துப்பாக்கிக் குண்டைப் போட்டால் எந்த மிருகமும் விழும், இதில் என்ன சாமர்த்தியம்?’ என்று எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர். எங்கள் பட்டாலையில் உட்கார்ந்து கவுனி அரிசி சாப்பிட்டுவிட்டுப் போன பிள்ளை. நன்றாக இருக்கட்டும்.

தாங்கள் அறியாததல்ல. ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் பெல் ஆப்பிரிக்காவில் 1,000 யானைகளுக்கு மேல் சுட்டவர். அதில் பெரும்பாலானவை .275 (குழல் அளவு, அங்குலத்தில்) ரைபிளின் பென்சில் பருமன் குண்டுக்கு விழுந்தவை. ஈயத்தின் மேல் முழுக்கக் கெட்டி உலோக உறை போட்ட ‘சாலிட்’ அது. மண்டை எலும்பில் நசுங்காமல் நேரே மூளைக்குப் போகும். அதையே மானுக்குப் போட்டால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், மிருகம் காயத்தோடு புதருக்குள் ஓடிவிடும். மானுக்கும் புலிக்கும் ஈய முனை வெளியே தெரிகிற ‘சாஃப்ட் நோஸ்’தான், உள்ளே போய் விரியும். மெல்லிய உறை உள்ள சாஃப்ட் நோஸைக் காட்டெருதின் தோளில் போட்டாலோ, எலும்பிலேயே சிதறி மேல்காயத்தோடு நின்றுவிடும். இந்தத் தொல்லைக்காகவே 1948-இல் அமெரிக்காவில் நாஸ்லர் என்பவர் நடுவில் தடுப்பு வைத்த குண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி விரியும், பின்பாதி குலையாமல் உள்ளே இறங்கும். குண்டின் பருமனையா பார்த்தார்கள்?

மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன எங்கள் அப்பச்சி (தகப்பனார்) .375 ரைபிள் வைத்திருந்தார்கள். 300 கிரெய்ன், அதாவது சுமார் 19 கிராம் குண்டு. வலது பையில் சாஃப்ட் நோஸ், இடது பையில் சாலிட். இருட்டில் கட்டைவிரலால் முனையைத் தடவியே இன்னது என்று எடுத்துவிடுவார்கள். காட்டெருது பக்கவாட்டில் திரும்பி நிற்காவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிடுவார்கள். சாமர்த்தியம் இல்லையாம்!

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின்னால் இங்கே வேட்டை நின்றது நல்லதே. நான் வேட்டைக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் செட்டிநாடு என்றால் உங்களுக்குக் கோழிக் குழம்பும் ஆத்தங்குடிக் கல்லும்தானே? அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் சிமெண்டு ஊற்றிக் கையால் செய்கிறார்கள், மெஷினில் அல்ல என்று முன்பு எழுதினேன். அதைப் போட இடமில்லை போலும். முழுப்பக்க நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் இருந்தது.

துப்பாக்கி வைத்திருப்பவன் படும் பாட்டையாவது எழுதுங்களேன். தேர்தல் வந்தால் என் இரட்டைக் குழலை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன தடவை திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு. கேட்டதற்கு, ‘பன்றி விரட்டத்தானே பெரியவரே, இது போதும்’ என்றார்கள். அவர்களும் உங்கள் நிருபரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள்.

அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் போடுங்கள். போடாவிட்டாலும் போகட்டும். அப்பச்சி துப்பாக்கியோடு நிற்கும் படத்தை நிருபர் ‘ஸ்கேன் எடுத்துவிட்டுத் தருகிறேன்’ என்று வாங்கிப் போனார். எங்களிடம் வேறு பிரதி இல்லை. மடிக்காமல், அட்டை வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பவும். தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கானாடுகாத்தான்.