தானாக எழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையின் சுற்றுலாத் தொழில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ‘தானாகவே எழுந்து நின்றிருக்கிறது’ என்று ஞாயிறு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்தத் ‘தானாகவே’யைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. பேசியவர்கள் எல்லாரும் பெரிய ஓட்டல்காரர்கள். வேன் ஓட்டிப் பிழைக்கும் எங்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

மடிப்பாக்கத்தில் இரண்டு வேன் வைத்திருக்கிறேன். கார்த்திகை, மார்கழிதான் எங்களுக்கு சீசன். சபரிமலை டிரிப், அப்புறம், கச்சேரி கேட்க வருகிற வெளிநாட்டுத் தமிழர்களுக்கு மாமல்லபுரம், காஞ்சிபுரம். மழையும் அப்போதுதான் வரும், உங்களுக்குத் தெரியாததல்ல. 2015-இல் விமான நிலையமே நாலைந்து நாள் மூடிக் கிடந்தது. வாங்கிய அட்வான்ஸை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். தவணைத் தேதி மட்டும் தள்ளிப்போகவில்லை.

அந்த டிசம்பர் 2-ஆம் தேதி காலையில் வேனின் சீட் மட்டத்துக்குத் தண்ணீர். எப்படியாவது மேட்டில் ஏற்றிவிடலாம் என்று டிரைவர் சாவியைத் திருகினார். ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. பிஸ்டனோடு இணைந்த கம்பி, கனெக்டிங் ராடு, வளைந்துவிட்டது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்ததும் கேட்டது, “ஸ்டார்ட் பண்ணீங்களா?” பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஆமாம் என்றார். சேதம் வெள்ளத்தால் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் என்று எழுதி இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். என் மனைவியின் வளையல் எஞ்சின் வேலைக்குப் போனது.

2023 புயலுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாயை நானும் ரேஷன் கடையில் வாங்கினேன், குறை சொல்லவில்லை. அது வீட்டுக்கு. தொழிலுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

டிரைவருக்கு இன்றும் மழை ராத்திரியில் தூக்கம் கிடையாது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியிருந்த படத்தை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் வேனும் அங்கேதான் நின்றது. “அண்ணே, நான் வண்டியிலேயே படுத்துக்கறேன்” என்று ராத்திரி இரண்டு மணிக்கு போன் செய்தார். சாவியைத் திருகியது தன் தப்பு என்றே இன்னும் நினைக்கிறார்.

நான் கேட்பது ஒரு பெட்டிச் செய்திதான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள் என்று போடுங்கள். எஞ்சினுக்கென்று தனிப் பிரீமியம் கட்டும் காப்பீடு இருக்கிறது. எனக்கு பாலிசி விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. வாடகை வண்டிக்கும் அது கிடைக்குமா என்று விசாரித்து எழுதுங்கள். மழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே வந்தால் நல்லது. என் டிரைவர் டீக்கடையில் படிப்பது உங்கள் பத்திரிகையைத்தான்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை