விண்கல் செய்தியும் சந்தேகப்படும் வாசகர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்கல் தாக்கி ஒருவர் இறந்ததாக வந்த வெளிநாட்டுச் செய்தியை முகநூலில் பலர் நம்பாமல் கேலி செய்வதைக் கண்டித்து நீங்கள் எழுதிய ஆசிரியர் தலையங்கத்தைப் படித்தேன். கேலி வேண்டாம், சரி, ஆனால் சந்தேகப்படுவதில் என்ன பிழை? 2016 பெப்ரவரியில் வேலூரில் பொறியியல் கல்லூரி ஒன்றில் பேருந்துச் சாரதி இறந்தபோது, விண்கல்தான் காரணம் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதாவே அறிக்கை விட்டு நட்டஈடும் அறிவித்தார். எல்லாப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போட்டன. சில நாளில், படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்புப் போலத்தான் இருக்கிறது என்று நாசா சொன்னது, அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? நான் கல்முனையில் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், விண்கல் பாடம் வந்தால் இன்றைக்கும் யாராவது ஒரு பிள்ளை வேலூரைத்தான் உதாரணம் சொல்லும்.

விண்கல் மனிதர் மேல் விழவே விழாது என்று சொல்ல வரவில்லை. 1954இல் அமெரிக்காவின் அலபாமாவில் கிட்டத்தட்ட 4 கிலோ கல் ஒன்று கூரையைத் துளைத்து, வானொலிப் பெட்டியில் மோதித் தெறித்து, படுத்திருந்த ஆன் ஹொட்ஜஸ் என்ற பெண்ணின் இடுப்பில் பட்டது, அவர் காயத்தோடு தப்பினார். அதை நம்புகிறோம் என்றால் அதற்குக் காரணம், கல் கையில் இருக்கிறது, சோதித்தும் பார்த்தாயிற்று. ஆகவே இப்படியான செய்தி வரும்போது கல்லை யார் சோதித்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள், இன்னும் சோதிக்கவில்லை என்றால் அதையும் போடுங்கள், அப்புறம் முடிவு வந்ததும் முதற்செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவில் வெளியிடுங்கள்.

ஆசிரியர் ஒருவர்,
கல்முனை.