மெமரி கார்டில் ஏறிய பாட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், ராப் பாடி இணையத்தில் பிரபலமான இளம்பெண்களைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகள் அந்தப் பக்கத்தை அப்படியே கத்தரித்து, கடையில் கல்லாவுக்கு மேலே செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டாள். நான்கு நாளாகப் பணம் எடுக்கும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது. நான்கு நாளும் அதில் ஒரே வரிதான் உறுத்துகிறது. சென்னை ராப் பாடகி சோபியா அஷ்ரஃபைப் பற்றிய பத்தியில், "ஒரே இரவில் புகழ்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருபத்திரண்டு வருடமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், சார்ஜர், சின்னச் சின்ன சர்வீஸ். அந்த ஒரு இரவு எப்படி இருந்தது என்று எங்கள் ஊர்ப் பக்கமிருந்து சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

2015 ஜூலை கடைசியில், எங்கள் ஊர்த் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி சோபியா பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' (Kodaikanal Won't) என்ற அந்த ஆங்கிலப் பாட்டு யூடியூபில் வந்தது. ஒரு வாரத்துக்குள் 20 லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் பாட்டு மெட்டில் எழுதப்பட்டது அது. அந்த நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது, சரிதான். ஆனால் அந்த வாரம் கொடைக்கானலில் அந்தப் பாட்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? எனக்கே அது பெங்களூரிலிருந்து வந்த ஒரு டூரிஸ்ட் பையன் சொல்லித்தான் தெரியும். டாப்-அப் போட வந்தவன், "அண்ணா, உங்க ஊர் பாட்டுதான் இப்ப வைரல், பாத்தீங்களா?" என்றான். எந்த ஊர், என்ன பாட்டு என்று நான் விழித்தேன்.

அப்போது ஜியோ வரவில்லை, அது வர இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஒரு ஜிபி டேட்டா 250 ரூபாய் பக்கம். மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் ஆகஸ்ட் மாதத்தில் கரண்டு போனால் டவரும் சேர்ந்து போகும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் கீபேட் போன். அவர்களுக்குப் பாட்டு என்றால் மெமரி கார்டு. கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருவார்கள். நான் நூறு இருநூறு பாட்டு ஏற்றி வைப்பேன், இருபது ரூபாய். சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த செல்போன் கடையும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பையன் போன மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, அறுபதை ஒட்டிய ஒரு அண்ணன் வந்தார். தெர்மாமீட்டர் கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவர். சங்கக் கூட்டத்தில் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். "தம்பி, ஒரு பொண்ணு நம்ம கம்பெனியப் பத்திப் பாடியிருக்காம்ல. அத இதுல போட்டுக் குடு" என்று கார்டை நீட்டினார். கம்ப்யூட்டரில் இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று நிமிடம்கூட இல்லாத வீடியோ. இறக்கிய பிறகு அவர் போனில் ஓடவில்லை. அதை கீபேட் போனில் ஓடும் 3gp என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றி, படத்தைச் சுருக்கி ஏற்றினேன். திரை தீப்பெட்டி அளவு. பாடும் பெண்ணின் முகம்கூடச் சரியாகத் தெரியாது, குரல் மட்டும் பட்டாசு மாதிரி.

இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டார். "என்ன சொல்லுது?" என்றார். எனக்கும் அந்த வேகத்தில் புரிந்தால்தானே? மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் கடையில் நின்றிருந்தாள். நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பாதரசம், கழிவைக் கொட்டியது, நஷ்ட ஈடு என்று ஒவ்வொன்றாக வந்தது. அவர் மறித்து, "கம்பெனி பேரச் சொல்லுதா?" என்று கேட்டார். சொல்கிறாள், யூனிலீவர் என்றே சொல்கிறாள் என்றாள். "ஊரு பேரு?" அதுதான் திரும்பத் திரும்ப வருதே தாத்தா என்றாள். "அப்பச் சரி" என்று கார்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பத்து நாளில் அறுபது எழுபது கார்டு இருக்கும். முதல் நாள் எல்லோரிடமும் காசு வாங்கினேன். அப்புறம் வாங்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. பாதிப் பேரிடம் வாங்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளி விட்டு வந்து கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு கார்டும் ஓடுகிறதா என்று நான் போட்டுப் பார்ப்பதைக் கேட்டுக் கேட்டே, அர்த்தம் தெரியாமல் அந்தப் பல்லவியை மனப்பாடம் செய்துவிட்டாள். இன்றைக்கு அவள் ராப், ராப் என்று அலைவதற்கு நானே காரணம் என்று வீட்டில் தினமும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

இனி 'ஒரே இரவு' விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தத் தொழிற்சாலை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெட்டி கட்டி 1983ல் இங்கே வந்தது. அப்போது அது பாண்ட்ஸ் கம்பெனியுடையது, பிறகு யூனிலீவரின் இந்தியக் கம்பெனியான ஹிந்துஸ்தான் லீவருடையது. செயின்ட் மேரிஸ் ரோட்டில், பாம்பார் சோலைக்கு மேலே. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல், இதே மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்களும் உள்ளூர் ஆட்களும் வெளியே கொண்டுவந்தார்கள். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆலை அதோடு நின்றது. 2003ல் 290 டன் கழிவைக் கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். தொழிலாளர்களின் உடல்நலக் கோளாறுகளுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் சொன்னது. தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மலையிறங்கி சென்னை, திரும்ப மலை. மருத்துவச் சீட்டும் வேலைச் சான்றும் பிளாஸ்டிக் பையில். அந்தக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க என் பக்கத்துக் கடைக்குத்தான் வருவார்கள்.

பாட்டு வந்தபோது இந்த வழக்குக்கு வயது ஒன்பது. ஆலை மூடிப் பதினான்கு வருடம். அந்தப் பெண் பாடியதில் ஒரு தகவல்கூடப் புதிது கிடையாது. எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் பைகளில் இருந்தவை.

சோபியா அஷ்ரஃபும் அன்றைக்குத்தான் மைக் பிடித்தவர் இல்லை. போபால் விஷவாயு விவகாரத்தை வைத்து, அந்த ஆலையின் யூனியன் கார்பைடைப் பிறகு வாங்கிய டவ் நிறுவனத்தில் வேலைக்குப் போகாதீர்கள் என்று 2008லேயே சென்னையில் ராப் பாடியவர். முக்காடு அணிந்து மேடை ஏறினார் என்பதால் பத்திரிகைகள் அவருக்கு 'புர்கா ராப்பர்' என்று பட்டம் கட்டின. உடையைத்தான் பார்த்தார்கள், பாட்டில் என்ன சொன்னார் என்று எழுதியவர்கள் குறைவு. 2012ல் ஷாருக்கான் நடித்த இந்திப் படத்தில், ஏ.ஆர். ரகுமான் இசையில் ராப் பாடியிருக்கிறார். விளம்பரத் துறையில் வேலையும் பார்த்தார். மூன்று நிமிடத்துக்குள் ஒரு பெயரை எப்படி மனதில் ஆணி அடிப்பது என்ற வித்தை அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். பாட்டை அவர் தனியாகவும் வெளியிடவில்லை. ஜட்கா என்ற பிரசார அமைப்பு, கையெழுத்து இயக்கத்தோடு சேர்த்து வெளியிட்டது. சென்னையில் வருடக்கணக்காக இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டிய சுற்றுச்சூழல்காரர்கள் பின்னால் இருந்தார்கள். பார்த்தவர்கள் ரசித்துவிட்டுப் போகாமல் கையெழுத்துப் போட அங்கேயே வழி இருந்தது. யூனிலீவரின் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது இதனால்தான்.

2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் செய்துகொண்டதாக நிறுவனம் அறிவித்தது. தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. "ஒரு பாட்டால் நியாயம் வாங்கித் தந்தவர்" என்று உங்கள் கட்டுரையில் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். பாட்டு வராவிட்டால் அது நடந்திருக்குமா, நடந்திருந்தாலும் அந்த வருடமே நடந்திருக்குமா என்று எனக்கும் சந்தேகம் உண்டு. பாட்டின் பங்கைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பதினைந்து வருடம் படியேறி இறங்கிய 591 பேர் உங்கள் படக்குறிப்பில் எங்கே போனார்கள்?

இன்னொன்று. 2018ல் அதே சோபியா, கர்நாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவோடு சேர்ந்து 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' என்று இரண்டாவது பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும் பிரச்சினை அது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்பது திட்டம். வெளிநாட்டில் என்றால் இப்படி விடுவீர்களா என்பதுதான் பாட்டின் கேள்வி. என்னைக் கேட்டால் முதல் பாட்டைவிட இதுதான் முக்கியமான பாட்டு, ஏனென்றால் மண் எங்களோடுதான் இருக்கிறது. ஆனால் என் கடைக்கு வந்து அதை யாரும் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் ஜியோ வந்துவிட்டது, கார்டு ஏற்றும் தொழிலே படுத்துவிட்டது. சரி, நேராகப் பார்த்திருப்பார்கள் என்று நான்கைந்து பேரிடம் விசாரித்தேன். அப்படியொரு பாட்டு வந்ததா என்றார்கள். உங்கள் கட்டுரையிலும் அது இல்லை.

என் மகள் கதைக்கு வருகிறேன். இதுவரை பதினான்கு ரீல் போட்டிருக்கிறாள். சீசனில் ஏரிச் சாலையில் நிற்கும் வண்டிகளைப் பற்றி ஒன்று, பள்ளிப் பேருந்தைப் பற்றி ஒன்று, என் கஞ்சத்தனத்தைப் பற்றி ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் ஓரளவு ஓடியது. அதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகளில் பாட்டைப் பற்றி எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் நிறம், பல், "வீட்டில் கண்டிக்க ஆளில்லையா". கண்டிக்க வேண்டிய ஆளின் கடையில், அவன் விற்கும் ரிங் லைட்டை வைத்துத்தான் அவள் ஷூட் செய்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் மட்டும் அந்த கமெண்ட்டுகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். எதுகைக்கு ஆகுமாம்.

உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு அவள் நேரம் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். இரவு ஏழு மணிக்குப் போட்டால் நல்லதா, ஒன்பது மணிக்கா? எந்த ஹேஷ்டேக்? முன்பெல்லாம் வரி எழுதுவதில் போன நேரம் இப்போது இதில் போகிறது. நீங்கள் எழுதியதை அவள் அப்படித்தான் புரிந்துகொண்டாள், அதில் அவள் தப்பு என்ன? போன், வீடியோ, புகழ் என்று மூன்று படிதானே கட்டுரையில் இருந்தது. முந்தாநாள் இரவு கடை சாத்திய பிறகு அவளை உட்கார வைத்து, மேலே எழுதியிருக்கிற வருடங்களையெல்லாம் சொன்னேன். அந்த ஜெராக்ஸ் கடைக் கதையைச் சொன்னபோதுதான் போனைக் கீழே வைத்தாள். கார்டு கொண்டுவந்த அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஆள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார், இந்த ஞாயிறு கூட்டிப் போகிறேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, அதற்கு முன்பு எத்தனை வருடம் பாடினாள், அந்த வரிகளுக்கான விஷயத்தை யாரிடமிருந்து வாங்கினாள் என்றும் கேட்டுப் போடுங்கள். அரைப் பத்தி போதும்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையின் மூன்றாவது பத்தியில் 'கொடைக்கானல் கண்ணாடித் தொழிற்சாலை' என்று அச்சாகியிருக்கிறது. அது தெர்மாமீட்டர் தொழிற்சாலை. இந்த ஞாயிறு இதழில் திருத்தம் வந்தால் அந்த அண்ணனிடம் காட்ட வசதியாக இருக்கும். பெயரைத்தான் அவர் முதலில் கேட்பார்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரர்,
மூஞ்சிக்கல், கொடைக்கானல்.
(பெயர் வெளியிட வேண்டாம். மகள் என் கஞ்சத்தனத்துக்கு இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.)