பண்டாரவளை நண்பனுக்கு ஒரு காப்புறுதிக் கணக்கு

ஹட்டன்
2025 பெப்ரவரி 2

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. உன் அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே காலைப் பனி இன்னும் விடவில்லை, மற்றபடி சுகம். காலமான அண்ணனின் காப்புறுதிக் காரியங்களுக்காக அண்ணியுடன் அலுவலகங்களுக்குப் போய் வருவதிலேயே விடுமுறை நாட்கள் கழிந்ததால்தான் பதில் தாமதமாயிற்று. நீ கேட்டிருந்த விடயமும் அந்த அலைச்சலோடு தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாதம் எட்டாயிரம் ரூபாய் கட்டினால் 20 இலட்சத்துக்கு ஆயுள் காப்புறுதி கிடைக்கும், 15 ஆண்டு முடிவில் முதிர்வுப் பணமும் வரும் என்று முகவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதில் உன் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு இருக்கிறதே தவிர, நீ இல்லாத வீட்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்ற கணக்கு இல்லை. பின்னதைத்தான் முதலில் போட வேண்டும்.

நீ எழுதிய தொகைகளை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். உன் சொந்தச் செலவைக் கழித்தால் வீட்டுக்கு மாதம் 75,000 ரூபாய் வேண்டும். உன் மனைவி, அதாவது நம் தங்கச்சியின் தையல் வருமானம் 30,000. மாதம் 45,000 குறைகிறது. வருடத்துக்கு 5 இலட்சத்து 40 ஆயிரம். சின்னவனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனுக்கு 22 வயதாகும்வரை 13 வருடம் என்றால் 70 இலட்சத்துக்குச் சற்று மேலே. (வங்கி வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று வைத்திருக்கிறேன், முழுக்கச் சரியில்லை, ஆனாலும் தொடக்கத்துக்குப் போதும்.) வீட்டுக் கடன் 12 இலட்சம், பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 10 இலட்சம் சேர்த்தால் ஏறத்தாழ 92 இலட்சம். கடன் தரும்போது வங்கி உன் பெயரில் காப்புறுதி எடுத்திருந்தால் அந்த 12 இலட்சத்தை விட்டுவிடலாம். கடன் பத்திரத்தை எடுத்துப் பார்.

இனி, உன் பெயரில் ஏற்கெனவே இருப்பதைக் கழிப்போம். நீ 8 வீதமும் தொழிற்சாலை 12 வீதமும் கட்டிவரும் ஊழியர் சேமலாப நிதியில் 24 இலட்சம், தொழிற்சாலை மட்டும் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியில் 3 இலட்சம் என்று எழுதியிருந்தாய். பணிக்கொடையை நீ மறந்துவிட்டாய். மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இறந்தவருக்கு உரியது வாரிசுகளைச் சேரும். 18 வருடச் சேவைக்கு, ஓர் இலட்சம் சம்பளத்தில், 9 இலட்சம். பழைய காப்புறுதி 5 இலட்சத்தையும் கூட்டினால் மொத்தம் 41 இலட்சம். ஆக, இன்னும் 50 இலட்சம் அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. முகவர் சொல்லும் 20 இலட்சம் அதில் பாதியைக்கூட நிரப்பாது.

நான் என்ன வைத்திருக்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். அதை அளவாகக் கொள்ளாதே. நான் அரசாங்க ஆசிரியன். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு என் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கிறார்கள், எனக்கு ஏதாவது நேர்ந்தால் வீட்டுக்கு மாதப் பணம் வரும். உன் வீட்டுக்கு அப்படி வர வழியில்லை. ஒரே வகுப்பில் படித்து ஒரே அளவு சம்பளம் வாங்கினாலும், காப்புறுதி உன் வீட்டுக்கே அதிகம் தேவை.

பழைய 5 இலட்சத்தைப் பற்றி ஒரு சொல். நீ அதை எடுத்த 2009இல் டொலர் ஏறத்தாழ 115 ரூபாய்; இன்று 300 ரூபாயை நெருங்கி நிற்கிறது. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 70 வீதத்தளவுக்கு உயர்ந்ததை நாம் அரிசிக் கடையில் நின்று அனுபவித்தோம். பத்திரத்தில் எழுதிய தொகை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதற்காகப் பழையதை இப்போதே முறித்துவிடாதே. புதியது ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பத்திரம் கைக்கு வரும்வரை அதையும் கட்டிவா.

50 இலட்சத்துக்கு முதிர்வுப் பணத்தோடு எடுக்கப்போனால் கட்டுப்பணம் உன் கையை மீறிவிடும். குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தந்து, உயிரோடிருந்தால் ஒன்றும் திருப்பித் தராத காப்புறுதியும் உண்டு. அதற்குக் கட்டுப்பணம் மிகக் குறைவு. முகவர்கள் அதைத் தாமாக எடுத்துக் காட்டுவது அரிது. நீதான் கேட்க வேண்டும். 13 வருடத்துக்குக் கேள். சேமிப்பைத் தனியாக வங்கியில் செய்துகொள்ளலாம். தங்கச்சியின் பெயரிலும் ஒரு சிறு தொகைக்கு எடு; வருமானம் ஒருபுறமிருக்க, அம்மாவைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தானே.

படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, உன் கையாலேயே நிரப்பு. உனக்குச் சீனி வருத்தம் இருப்பதையும், குடிக்கும் மாத்திரையையும் மறைக்காமல் எழுது. முகவர் அவசரத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிட்டால், பின்னால் அந்த ஒரு சொல்லை வைத்தே பணம் தர மறுக்கலாம். கட்டுப்பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இனி, அண்ணி பட்ட பாட்டைச் சொல்கிறேன். அண்ணனின் பத்திரங்கள் எல்லாம் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. பதினாறு வருடப் பற்றுச்சீட்டுகளை வருடவாரியாக ரப்பர் பட்டி போட்டு அடுக்கியிருந்தார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஆனால் பின்னுரித்தாளி, அதாவது அவர் இறந்தால் பணத்தைப் பெறுபவர் என்ற இடத்தில் எங்கள் அம்மாவின் பெயர்தான் இருந்தது. கலியாணத்துக்கு முன் எழுதியது. அம்மா இறந்தே ஏழு வருடமாகிறது. அத்தோடு, அண்ணியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ‘லெச்சுமி’, அடையாள அட்டையில் ‘லட்சுமி’, விவாகச் சான்றிதழில் தகப்பன் பெயரோடு ஒட்டி வேறொரு விதமாக இருக்கிறது. மூவரும் ஒருவரே என்று காட்டச் சத்தியக்கடதாசி, சமாதான நீதவானின் கையொப்பம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று எட்டு மாதமாக ஏறி இறங்குகிறோம். ஒவ்வொரு தடவையும் அண்ணிக்கு ஒரு நாள் வேலை போய்விடுகிறது. தோட்டத்தில் பிறந்த நம்மில் பெரும்பாலோரின் பெயர், எழுதியவரின் காதில் விழுந்தபடி பதிவானதுதான். உன் வீட்டில் எல்லோருடைய சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார். பிழையிருந்தால், நீ இருந்து கையொப்பமிடக்கூடிய இப்போதே திருத்திவிடு. சேமலாப நிதியிலும் பழைய காப்புறுதியிலும் யார் பெயரைக் கொடுத்தாய் என்பதையும் பார். 2009இல் உனக்கும் கலியாணம் ஆகியிருக்கவில்லை.

பிரதிகளை வீட்டில் மட்டும் வைத்திருக்காதே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களோடு அவற்றுக்குள் இருந்தவையும் புதைந்துபோயின. உன் வீடும் சரிவில்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பு. என் அலுமாரியில் தனி உறையில் வைக்கிறேன். எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதைத் தங்கச்சிக்கும் மூத்தவளுக்கும் சொல்லிவை. அண்ணிக்கு அந்த டின்னைப் பற்றியே தெரியாது. மகன் விளையாட எடுத்தபோதுதான் கண்டோம்.

சித்திரை விடுமுறையில் இரயிலேறிப் பண்டாரவளைக்கு வருகிறேன். என் பிரதிகளையும் கொண்டுவந்து உன்னிடம் தருகிறேன். அதற்குள் வங்கியிலிருந்து கடன் பத்திரத்தின் விபரத்தையும், இரண்டு மூன்று நிறுவனங்களில் 13 வருடக் காப்புறுதிக்கான கட்டுப்பணத்தையும் கேட்டு வைத்திரு. உட்கார்ந்து மீண்டும் ஒரு தடவை கூட்டிப் பார்ப்போம்.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

உன் நண்பன்