தைல பாட்டில்கள் பற்றி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம் கடையின் 100 மில்லி யூகலிப்டஸ் தைலத்தை ஒருவர் சமையலறைத் தராசில் நிறுத்துக் காட்டுகிறார். பாட்டிலின் எடையைக் கழித்தால் 91 கிராம் வருகிறது. "9 கிராமை அடித்துவிட்டார்கள்" என்கிறார். இரண்டு மூன்று பேர் குன்னூர் கடைக்கே வந்து கேட்டார்கள். கேட்டது நல்லதுதான். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு போனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 91-ஐச் சொல்லிவிடுகிறேன். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். யூகலிப்டஸ் தைலம் தண்ணீரைவிட லேசானது. 100 மில்லி தண்ணீர் 100 கிராம் நிற்கும். 100 மில்லி தைலம் 91, 92 கிராம்தான் நிற்கும். வீட்டில் இருக்கும் சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1 லிட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே 910 கிராம் என்றும் போட்டிருப்பார்கள். அதே கணக்குதான். நம் லேபிளில் மில்லி என்றுதான் இருக்கிறது, கிராம் என்று ஒருநாளும் போட்டதில்லை. சந்தேகம் இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். கடைக்கு வந்தால் உங்கள் கண்முன்னே நாங்களே ஊற்றிக் காட்டுகிறோம். என் அப்பா கண்ணாடி அளவுச் சாடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோட்டைத் தொட்ட பிறகுதான் புனலில் கவிழ்ப்பார். அந்தச் சாடி இன்றும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. அளவில் கைவைத்தோம் என்ற சொல்லை அவர் கடையில் உட்கார்ந்துகொண்டு என்னால் கேட்க முடியவில்லை.

சரி, வீடியோவில் இருப்பது நல்ல பாட்டில். ஆனால் நிஜமாகவே குறைந்த பாட்டில்களும் சில வெளியே போயிருக்கின்றன. மூடி கசிந்து லேபிள் ஊறிப்போனவையும் உண்டு. அது எங்கள் தவறு. எப்படி நடந்தது என்பதை உள்ளபடி சொல்கிறேன்.

பதினோரு வருஷமாக நம் பட்டறையில் பாட்டில் அடைத்த அக்கா, மகளோடு இருப்பதற்காக இந்த வருஷம் திருப்பூர் போய்விட்டார். அவர் கைக்கு ஈடாக ஆள் கிடைக்கவில்லை. கடன் வாங்கி ஓர் அடைக்கும் இயந்திரம் வாங்கினோம். சுழலும் தட்டில் காலி பாட்டில்களைக் கொட்டினால், அவை வரிசையாக கன்வேயரில் ஏறி ஓரத்தில் குழிகள் வெட்டிய ஸ்டார் வீல் என்ற சக்கரத்துக்குள் போகும். அந்தச் சக்கரத்தில் எட்டுக் குழிகள். சக்கரம் ஒவ்வொரு முறை நகரும்போதும் ஓரிடத்தில் தைலம் விழும், அடுத்த இடத்தில் உள்மூடி இறங்கும், அதற்கடுத்த இடத்தில் மேல்மூடி திருகும். எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒரு பாட்டில் கோணலாக உட்கார்ந்தால் அடுத்தடுத்த எல்லா வேலையும் கோணல்தான்.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஜூனில் மழை பிடித்ததும் பாட்டில்கள் சாய ஆரம்பித்தன. ஈரத்தில் பெல்ட் வழுக்குகிறது என்று நினைத்துத் தினமும் துடைத்தோம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம். தைலம் விழும் முனையான நாசிலைக் கழற்றிக் கழுவினோம். நாற்பது பாட்டில் ஒழுங்காகப் போகும், நாற்பத்தொன்றாவது சாயும். தைலம் கழுத்தில் பட்டு வெளியே வழியும். பம்ப் தள்ளியது முழு 100 மில்லி. பாட்டிலுக்குள் போனது அதில் ஒரு பங்கு. பையன்கள் வெளிப்புறத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பழுப்பு நிறக் கண்ணாடியில் மட்டம் பளிச்சென்று தெரியாது என்பது அவர்கள் குற்றமில்லை. நான் பார்த்திருக்க வேண்டும்.

முட்டி வலிக்குத் தைலம் வாங்க வரும் நம் பழைய வாடிக்கையாளர் ஒருவர்தான் இதைப் பிடித்தார். புனே பக்கம் கட்கியில் துப்பாக்கித் தோட்டா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கேயும் இதே கதைதான் என்றார். காலி கேஸ்கள், அதாவது தோட்டாவின் வெறும் உலோகக் கூடுகள், குழாய் வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி, சுழலும் தட்டில் ஒவ்வொன்றாக உட்கார வேண்டும். குழாய் நிறைய கேஸ் இருந்தால் மேலே இருப்பவற்றின் பாரம் கீழே இருப்பதை அழுத்தி உட்கார வைக்கும். குழாயில் கேஸ் குறைந்தால் அழுத்தமும் குறையும். கடைசி சில கேஸ்கள் அரைகுறையாக நிற்க, தட்டு நகர்ந்து விளிம்பில் இடிக்கும். அளவில் கொஞ்சம் மாறிய கேஸ் கலந்துவிட்டாலும் அப்படித்தான். அதனால் சிக்கிய இடத்தில் தட்டிக்கொண்டிருக்காமல், அது வந்து சேரும் வழியைப் பார்க்கச் சொன்னார்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பினோம். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஜூனில் வந்த புதுப் பாட்டில்கள் பழையதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் ஒல்லி. கண்ணுக்குத் தெரியாது, நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியில்தான் தெரிந்தது. பழைய பாட்டிலுக்கு வெட்டிய குழியில் அவை ஆடின. பின்னால் வரிசை நெருக்கித் தள்ளும்போது ஒட்டி நின்றன. தட்டில் பாட்டில் தீர்ந்து, பையன் அடுத்த கூடையைக் கொட்டும் அந்த இடைவெளியில் வருபவைதான் சாய்ந்தன. அதனால்தான் ஒரு நேரம் சரி, ஒரு நேரம் தப்பு என்று எங்களைச் சுற்றவிட்டது.

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் நைலானில் புதுச் சக்கரம் வெட்டி வாங்கிவிட்டோம். பக்கக் கம்பிகளையும் நெருக்கி முடுக்கினோம். வரிசையில் இருபது பாட்டிலுக்குக் கீழே போனால் இயந்திரம் தானாக நிற்கும்படி ஒரு சென்சார் வைத்திருக்கிறோம். இனி பாட்டில் லோடு வந்தால் பத்துப் பாட்டிலையாவது அளந்த பிறகுதான் தட்டில் ஏறும். இயந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பாட்டிலையும் விளக்குக்கு முன்னால் பிடித்து மட்டம் பார்க்க ஓர் ஆளும் உட்காருகிறார்.

ஜூன், ஜூலை மாதம் அடைத்த 100 மில்லி பாட்டில் உங்களிடம் இருந்து, அது கழுத்துக்குக் கீழே குறைந்திருந்தாலோ, மூடி கசிந்திருந்தாலோ, கொண்டு வாருங்கள். பாதி தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை, பில் வேண்டாம், மாற்றித் தருகிறோம். வெளியூர்க்காரர்கள் பாட்டிலைப் படமெடுத்து அனுப்பினால் போதும், திருப்பி அனுப்ப வேண்டாம். கசிந்த பாட்டிலை ரப்பர் சாமான், பிளாஸ்டிக் டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள். தைலம் பட்டால் ரப்பர் உப்பும், சில பிளாஸ்டிக் இளகும். குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது. இதை உள்ளுக்குக் குடித்தால் ஆபத்து.

இலைக் கூலியும் விறகும் ஏறியிருப்பதால் வரும் ஒன்றாம் தேதி முதல் 100 மில்லிக்கு 30 ரூபாய் கூடுகிறது.

இந்த இரண்டு வாரத்தில் வீடியோவைப் பார்த்துவிட்டும் வழக்கம்போல வந்து வாங்கிப் போனவர்களை நான் மறக்க மாட்டேன். கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, "உங்க அப்பா காலத்திலிருந்து வாங்குறேன், நீ கவலைப்படாதே தம்பி" என்றார். அன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை பட்டறையில் இயந்திரம் ஓடும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அப்பாவின் அளவுச் சாடியையும் எடுத்து வைக்கிறேன். உங்கள் பாட்டிலைக் கொண்டு வந்தால் அதிலேயே அளந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
குன்னூர்